இடிந்த மதிலைக் கட்டியவர்கள்: அயர்லாந்தும் தமிழகமும், 1908–1925

ஓர் அரசியல் இயக்கம் ஆயுதத்தாலோ ஆவேசத்தாலோ எழ முயன்று தோல்வியுற்ற பின்பு, அதன் தலைவர்கள் தூக்குமேடைக்கும் சிறைக்கும் சென்ற பின்பு, எஞ்சியோர் செய்யக்கூடியது யாது? இவ்வினா வரலாற்று மாணவருக்கு மட்டும் உரியதன்று. சிலுவைக்குப் பின் கதவைப் பூட்டிக்கொண்டு கூடியிருந்த சீடர்களும், பாபிலோனிய சிறையிருப்பிலிருந்து திரும்பி எரிந்த வாசல்களையும் இடிந்த அலங்கத்தையும் கண்ட யூதரும் எதிர்கொண்ட வினா இதுவே. ஆகவே இறையியல் மாணவரும் போதகரும் இதனைத் தங்களுக்குப் புறம்பானதெனக் கருத இயலாது. இக்கட்டுரை, 1916ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் அயர்லாந்தின் தேசிய இயக்கம் மறுபடியும் கட்டப்பட்ட வரலாற்றையும், 1908ஆம் ஆண்டுக்குப் பின் தமிழகத்தின் தேசிய இயக்கம் மறுபடியும் கட்டப்பட்ட வரலாற்றையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. ஒன்று மற்றொன்றின் பெயரையே எடுத்துக்கொண்டது. இரண்டும் வென்ற இடமும் ஒன்று; தவறிய இடமும் ஏறக்குறைய ஒன்று.

1. கல்லும் துளிரும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் வக்கிரகாளி சன்னிதியாலும் அறியப்படும் இவ்வூரில், கல்லாய்ச் சமைந்த மரங்கள் நிலமெங்கும் கிடக்கின்றன. இவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது நிலவியலாளர் கணிப்பு. இம்மரங்களில் வேரும் கிளையும் இல்லாமையால், இவை இவ்விடத்தில் வளர்ந்தவை அல்ல, வேறெங்கிருந்தோ பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்று அவர்கள் கூறுகின்றனர். மரத்தின் வளையமும் நரம்பும் அப்படியே தெரிகின்றன. ஆனால் அது மரமன்று, கல்.

வெள்ளத்தில் வீழ்ந்த மரம் நிலைத்திருக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கல்லாகித் தன் உருவத்தை மட்டும் காத்துக்கொள்வது. மற்றொன்று, வெட்டுண்ட அடிமரத்திலிருந்து துளிர் விடுவது. பின்னதையே ஏசாயா தீர்க்கர் தம் மக்களுக்கு நம்பிக்கையாகக் காட்டினார் (ஏசாயா 6:13, 11:1). தோற்ற இயக்கங்களுக்கும் இவ்விரு வழிகளே உள்ளன. வீரரின் நினைவைக் கல்லில் பொறித்து வணங்குவதோடு நின்றுவிடலாம். அல்லது உயிருள்ள மக்களிடையே வேரூன்றித் துளிர்க்கலாம்.

திருவக்கரையைக் கடக்கும் சங்கராபரணி கிழக்கே பாய்ந்து பாண்டிச்சேரிக்கு அருகில் கடலில் கலக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அந்தப் பிரெஞ்சுப் பகுதிதான், தோற்ற தமிழக இயக்கத்தின் எஞ்சியோர் அடைக்கலம் புகுந்த ஊராக விளங்கியது. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1879இலேயே அமைந்திருந்தது. எல்லைக்கு இப்பால் ஆங்கில அரசின் அதிகாரம், அப்பால் பிரெஞ்சுக் கொடி. ஆகவே நமது வட்டாரம் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று.

2. தமிழகத்தின் வீழ்ச்சி, 1908–1911

தமிழகத்தில் சுதேசி இயக்கம் பேச்சோடு நில்லாமல் தொழிலாக உருவெடுத்த இடம் தூத்துக்குடி. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர், தொழிலாளர் வென்றனர். வணிகர், வழக்கறிஞர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் ஒரே மேடையில் நின்ற அரிய காலம் அது.

அது நீடிக்கவில்லை. விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதைத் தொடர்ந்து, மார்ச் 12ஆம் நாள் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்து அரசு அலுவலகங்களைத் தாக்கினர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தபோதிலும், இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார். அவர் கட்டிய கப்பல் சங்கம் 1911இல் கலைக்கப்பட்டது. கவிஞர் சுப்பிரமணிய பாரதி 1908இல் பாண்டிச்சேரிக்குச் சென்று, 'இந்தியா' இதழை அங்கிருந்து வெளியிட்டார். ஆங்கில அரசு அதனைத் தன் எல்லைக்குள் தடைசெய்தமையால் 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு அவ்விதழும் நின்றது.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று, தானும் உயிர் துறந்தான். சுடப்பட்ட ஆட்சியர் அயர்லாந்தைச் சேர்ந்தவர் என்பது வரலாற்றின் விந்தை. வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதம் ஆங்கிலேயரை மிலேச்சர் எனப் பழித்து, சனாதன தருமத்தைக் காப்பதையே கொலைக்குக் காரணமாகக் கூறியது. தொடர்ந்து நடந்த வழக்கில் நீலகண்ட பிரமச்சாரி முதலானோர் தண்டிக்கப்பட்டனர். இச்செயல் இயக்கத்தை உயிர்ப்பிக்கவில்லை. மாறாக, தொழிலாளரையும் வணிகரையும் ஒன்று சேர்த்த 1908ஆம் ஆண்டின் மேடையை, ஒரு சமயத்தின், அதிலும் ஒரு சாதி ஒழுங்கின் காவல்படையாகச் சுருக்கிவிட்டது. கிறிஸ்தவரும் இசுலாமியரும் ஒடுக்கப்பட்டோரும் அக்கடிதத்தில் தங்களுக்கு இடம் காண முடியாது.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது, அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளான சிவா சில வாரங்களுக்கு முன்பே விடுதலை பெற்றிருந்தார். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்ட வ.உ.சி. சென்னையில் சிறு வணிகம் செய்து வறுமையில் உழன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக 1916இல் வந்து சேர்ந்தபோது, அது 347 ரூபாய் 12 அணா. அதைப் பெறுவதற்கும் அவர் பல மாதங்கள் மடல் எழுத வேண்டியிருந்தது. தன் வீரரின் குடும்பத்தைத் தாங்கும் அமைப்பு எதுவும் தமிழக இயக்கத்திடம் இல்லை. இவ்வுண்மையை மனத்திலிருத்தி அயர்லாந்தை நோக்குவோம்.

3. அயர்லாந்து மீண்டும் எழுந்த வகை, 1916–1918

1916ஆம் ஆண்டு ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமையன்று டப்ளின் நகரில் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் பேர் ஆயுதமேந்திக் குடியரசை அறிவித்தனர். ஆறு நாட்களில் எழுச்சி அடக்கப்பட்டது. இறந்தோர் ஏறத்தாழ 485 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பொதுமக்கள். பிரித்தானியப் படையில் கணவரும் மக்களும் போரிட்டுக்கொண்டிருந்த டப்ளின் பெண்களுள் பலர், சிறைப்பட்டுச் சென்ற எழுச்சியாளரை வசைபாடினர். அன்று வாக்கெடுப்பு நடந்திருந்தால் எழுச்சியாளர் பெருந்தோல்வி கண்டிருப்பர். ஆனால் மே 3 முதல் 12 வரை, நாள்தோறும் சிலராகப் பதினைந்து பேரை இராணுவ மன்றம் சுட்டுக்கொன்றது. காயமுற்று நிற்கவியலாத ஜேம்ஸ் கொனலி நாற்காலியில் கட்டப்பட்டுச் சுடப்பட்டார். ஆகஸ்டு 3ஆம் நாள் ரோஜர் கேஸ்மென்ட் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். ஏறத்தாழ 3,500 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் எழுச்சியோடு தொடர்பற்றோரும் பலர். லிமரிக் ஆயர் ஓட்வயர், தம் குருக்களை அடக்கும்படி தளபதி மேக்ஸ்வெல் கேட்டபோது வெளிப்படையாக மறுத்து, அத்தண்டனைகளைக் கண்டித்து மடல் எழுதினார். பொதுமக்களின் மனம் திரும்பியது.

அனுதாபம் மட்டும் இயக்கமாகிவிடாது. அயர்லாந்தில் அது இயக்கமாக உருப்பெற்றமைக்கு நான்கு காரணங்களைக் காணலாம்.

முதலாவது, இரக்கப்பணி. கணவரைத் தண்டனையில் இழந்த கேத்லீன் கிளார்க் உள்ளிட்டோர், இறந்தோர் மற்றும் சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கென நிதி திரட்டினர். இரு நிவாரணக் குழுக்கள் 1916ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒன்றாயின. அரசியல் பேச அஞ்சியவரும் விதவைக்கு உதவ அஞ்சவில்லை. ஊர்தோறும் பணம் திரட்டியோரும் வழங்கியோரும் அறிமுகமாயினர். அவ்வலைப்பின்னலே பின்னர் இயக்கத்தின் எலும்புக்கூடாயிற்று. 1917இல் அந்நிதியின் செயலராக அமர்ந்த இளைஞரே மைக்கேல் காலின்ஸ்.

இரண்டாவது, சிறை. வேல்ஸ் நாட்டில் பிரான்கோக் முகாமில் அடைக்கப்பட்டோர் வகுப்பு நடத்தினர், கட்டுப்பாடு பயின்றனர், ஒருவரையொருவர் அறிந்தனர். சிதறிக் கிடந்தோரை அரசே ஓரிடத்தில் சேர்த்து வைத்தது.

மூன்றாவது, வாக்குச்சீட்டு. 1917ஆம் ஆண்டின் இடைத்தேர்தல்களில், பிப்ரவரியில் வடக்கு ரோஸ்காமனிலும், மே மாதம் தெற்கு லாங்ஃபோர்டிலும், ஜூலையில் கிழக்குக் கிளேரிலும் பழைய நாடாளுமன்றக் கட்சி தோற்றது. லாங்ஃபோர்டில் வென்றவர் அப்போது சிறையில் இருந்தார்; அவர் பெற்ற பெரும்பான்மை 37 வாக்குகளே. கிளேரில் வென்றவர், எழுச்சியில் தண்டனை பெற்று அண்மையில் விடுதலையான டி வலேரா.

நான்காவது, விட்டுக்கொடுத்தல். ஆர்தர் கிரிஃபித் 1905இல் தொடங்கிய சின் ஃபெயின் அமைப்பு, 1916 எழுச்சியை நடத்தியதன்று. செய்தித்தாள்களே அதன் பெயரை அவ்வெழுச்சிக்குச் சூட்டின. கிரிஃபித் குடியரசை வேண்டியவரும் அல்லர். ஆயினும் 1917ஆம் ஆண்டு அக்டோபர் மாநாட்டில் தலைமைப் பொறுப்பை டி வலேராவுக்கு விட்டுத் தாம் துணைத்தலைவரானார். முதலில் குடியரசுக்கு அனைத்துலக ஏற்பு, பின்னர் ஆட்சிமுறையை மக்களே தேர்ந்துகொள்வர் என்னும் உடன்பாட்டில் இரு பிரிவினரும் இணைந்தனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசு கட்டாயப் படைச்சேர்ப்பை அயர்லாந்துக்கு விரித்தபோது, கத்தோலிக்க ஆயர்கள் உட்பட நாடே எதிர்த்தது. டிசம்பர்த் தேர்தலில் 105 இடங்களில் 73ஐ சின் ஃபெயின் வென்றது; பழைய கட்சிக்குக் கிடைத்தவை 6. டப்ளினில் தெருவில் வசைபெற்ற இயக்கம், மூன்றாண்டு நிறைவதற்கு முன்பே நாட்டின் குரலாயிற்று.

4. தமிழகம் மீண்டும் எழுந்த வகை, 1914–1918

தமிழகத்தில் வீழ்ந்த இயக்கத்தைக் கட்டியெழுப்ப முன்வந்தவர் ஒரு மாது. அயர்லாந்துக் குருதி தம்மிடம் ஓடுவதைப் பெருமையாகக் கருதியவர். அன்னி பெசன்ட் அம்மையார் 1847இல் இலண்டனில் பிறந்தார். ஆங்கிலிக்கக் குருவை மணந்தார். பின் கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு விலகினார். 1893இல் இந்தியா வந்தார். 1907இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1914ஆம் ஆண்டு 'காமன்வீல்' வார இதழையும், 'நியூ இந்தியா' நாளிதழையும் சென்னையில் தொடங்கினார். அவர் தம் இயக்கத்துக்கு இட்ட 'ஹோம் ரூல்' என்னும் பெயர் அயர்லாந்திலிருந்து நேரே எடுக்கப்பட்டது. திலகர் 1916 ஏப்ரலில் தம் சங்கத்தைத் தொடங்கினார். அம்மையார் செப்டம்பரில் தம் சங்கத்தைத் தொடங்கினார்.

அயர்லாந்தின் எழுச்சியை அம்மையார் எவ்வாறு நோக்கினார் என்பது கருதத்தக்கது. பெல்ஃபாஸ்டில் பிறந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் சென்னைக்கு வந்து 'நியூ இந்தியா'வில் பணிபுரிந்தார். ஈஸ்டர் எழுச்சியாளரைப் புகழ்ந்து அவர் எழுதியதன் விளைவாக அப்பணியை இழந்து மதனப்பள்ளிக் கல்லூரிக்குச் சென்றார். அம்மையார் அயர்லாந்தின் பெயரை ஏற்றார், துப்பாக்கியை ஏற்கவில்லை. கசின்ஸின் துணைவியார் மார்கரெட், வாக்குரிமைக்காக ஏற்கெனவே அயர்லாந்திலும் இலண்டனிலும் சிறை கண்டவர். 1917ஆம் ஆண்டு மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக அவர் முதன்மையான காரணராக இருந்தார்.

மறுகட்டமைப்பின் முறை எளிமையானது. எந்த ஊரிலும் மூவர் சேர்ந்தால் ஒரு கிளை அமைக்கலாம். வாசகசாலை, சொற்பொழிவு, துண்டு வெளியீடு, மனு, ஊர்வலம் ஆகியவையே கருவிகள். ஒரு நாளில் தோன்றி ஒரு நாளில் அடங்கும் கொந்தளிப்புக்கு மாறாக, வாரந்தோறும் கூடும் சிறு குழுக்கள் எழுந்தன. 1917ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய சங்கத்துக்கு ஏறத்தாழ 200 கிளைகளும் 27,000 உறுப்பினரும் இருந்தனர். கிளைகளுள் பெரும்பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை.

அரசு செய்த பிழையும் அயர்லாந்தை ஒத்தது. ஆளுநர் பெண்ட்லாந்து பிரபு, 1917ஆம் ஆண்டு ஜூன் மாதம் அம்மையாரையும் அருண்டேல், வாடியா ஆகியோரையும் காவலில் வைக்க ஆணையிட்டார். அவர்கள் உதகமண்டலத்தில் வைக்கப்பட்டனர். இதுவரை ஒதுங்கியிருந்தோர் சங்கத்தில் சேர்ந்தனர். முதியவரான சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் தம் 'சர்' பட்டத்தைத் துறந்தார். செப்டம்பரில் அம்மையார் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

ஆங்கிலத்தில் நடந்த இவ்வியக்கத்தைத் தமிழ் மண்ணில் இறக்கியவருள் முதன்மையானவர் திரு.வி. கலியாணசுந்தரனார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த அவர், 1917இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அவரும் அதில் பங்கேற்றார். தூத்துக்குடியில் பத்தாண்டுக்கு முன் அறுந்த இழை சென்னையில் மீண்டும் முடியப்பட்டது. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பாரதி பாண்டிச்சேரியை விட்டு வெளியேறி, கடலூரருகில் கைதாகி, இருபத்தைந்து நாட்களுக்குப் பின் விடுதலை பெற்றார். வ.வே.சு. ஐயர் போருக்குப் பின் வழங்கப்பட்ட மன்னிப்பின் பயனாகத் தாயகம் மீண்டு, 'தேசபக்தன்' ஆசிரியர் பொறுப்பையும் சிலகாலம் ஏற்றார். சிதறியோர் ஒருவாறு கூடினர்.

5. மதிலுக்கு வெளியே எழுந்த கூக்குரல்

எனினும் இவ்விரு வரலாறுகளையும் வெற்றிக் கதைகளாக மட்டும் கூறுவது உண்மைக்கு மாறாகும். நெகேமியாவின் நூல் இங்கு நமக்கு உதவும். எருசலேமின் அலங்கம் பாதி உயர்ந்த நிலையில், ஐந்தாம் அதிகாரத்தில் வேறொரு குரல் எழுகிறது. பகைவர் வெளியிலிருந்து செய்த இடையூறு நான்காம் அதிகாரத்தில் கூறப்பட்டது; இக்குரலோ உள்ளிருந்து வருவது. வேலை செய்யும் ஏழைகள், தங்கள் நிலங்களையும் பிள்ளைகளையும் அடகு வைத்துக்கொண்டவர் தங்கள் சகோதரரே என்று முறையிடுகின்றனர். நெகேமியா அவர்களை இராஜத் துரோகிகள் என்றோ, ஒற்றுமையைக் குலைப்போர் என்றோ கூறவில்லை. சபையைக் கூட்டி, அநீதியைத் திருத்திய பின்பே மதில் முடிகிறது.

அயர்லாந்தில் அத்தகைய குரல் வடக்கிலிருந்து எழுந்தது. 1912ஆம் ஆண்டு செப்டம்பரில் அல்ஸ்டர் மாகாணத்தின் புராட்டஸ்தாந்தர் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 4,70,000 பேர் தன்னாட்சிக்கு எதிராகக் கையொப்பமிட்டனர். உல்ஃப் டோன், பார்னெல் போன்ற புராட்டஸ்தாந்தர் அயர்லாந்தின் விடுதலைக்குத் தலைமை தாங்கியவர் ஆயினும், அல்ஸ்டர் மக்களின் அச்சத்தில் ஆதிக்கத்தை இழக்க மனமின்மையும் கலந்திருந்தது. அதேவேளை சிறுபான்மையினரின் உண்மையான கவலையும் இருந்தது. சின் ஃபெயின் இதற்குப் போதிய விடை காணவில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டைப் பிரித்தது. 1921 டிசம்பர் உடன்படிக்கைக்குப் பின், 1917இல் மூடிவைத்த கருத்து வேறுபாடு வெடித்து, ஒரே முகாமில் சிறையிருந்த தோழர்கள் 1922–23இல் ஒருவரையொருவர் சுட்டனர்.

தமிழகத்தில் அக்குரல் பிராமணரல்லாதாரிடமிருந்து எழுந்தது. 1916ஆம் ஆண்டு நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. டிசம்பரில் பிட்டி தியாகராயரின் பெயரால் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. கல்வியிலும் அரசுப் பணியிலும் ஒரு வகுப்பாரே மேலோங்கி நிற்கையில், தன்னாட்சி என்பது யாருடைய ஆட்சியாகும் என்று அது வினவியது. இயக்கத்துக்குள்ளேயே நின்று இக்குறையைத் தீர்க்க முயன்றோரும் இருந்தனர். 1917இல் அமைந்த சென்னை மாகாணச் சங்கத்தில் திரு.வி.க., பெரியார் ஈ.வெ. இராமசாமி, வரதராசுலு நாயுடு போன்றோர் பங்குகொண்டனர். தேசியத்தையும் வகுப்பு நீதியையும் ஒருங்கே பற்றிய முயற்சி அது.

கிறிஸ்தவர் நிலை என்ன? மறைப்பணியாளர் பலரும் அவர்களைப் பின்பற்றிய சபையார் பலரும் ஆங்கில ஆட்சியைக் கடவுளின் ஏற்பாடாகவே கருதினர். தேசிய மேடையில் ஒலித்த சமயமொழி அவர்களுக்கு அச்சமூட்டியதும் உண்மை. ஆயினும் விலக்கானவர் உண்டு. மதுரையில் வழக்கறிஞராக இருந்த சிரியன் கிறிஸ்தவர் ஜார்ஜ் ஜோசப், ஹோம் ரூல் இயக்கத்தில் பணியாற்றினார். அதன் தூதுக்குழுவில் இங்கிலாந்து நோக்கிச் சென்றபோது ஜிப்ரால்டரில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். குற்றப்பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற கள்ளர் மக்களுக்காக வழக்காடி, அவர்களால் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைக்கப்பட்டார். 1924இல் வைக்கம் போராட்டத்தில் அவர் முன்நின்றபோது, இது இந்துக்கள் தாமே செய்ய வேண்டிய பரிகாரம், கிறிஸ்தவர் விலகி நிற்பதே தகும் என்று காந்தியடிகள் அவருக்கு எழுதினார். தீண்டாமையை நாட்டின் பாவம் என்று கருதிய ஒருவர், அதனை எதிர்க்கும் உரிமையைத் தம் சமயத்தின் காரணமாக இழக்க நேர்ந்தது.

6. பந்தியில் உடைந்த ஒற்றுமை

மீண்டும் எழுந்த தமிழக இயக்கம் உடைந்த இடம் போர்க்களமன்று, ஓர் உணவுக்கூடம். பாண்டிச்சேரியின் அடைக்கல வாழ்விலிருந்து திரும்பிய வ.வே.சு. ஐயர், 1922இல் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்கென ஒரு குருகுலம் நிறுவினார். காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் வழங்கியது. அங்கே பிராமணச் சிறுவர் சிலர் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தி வெளியானபோது, 1924–25இல் மாகாணமெங்கும் பெரும் வாதம் எழுந்தது. பொதுப்பணத்தால் நடக்கும் தேசிய நிறுவனத்தில் தனிப்பந்தி கூடாது என்று பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் வற்புறுத்தினர். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் பாபநாசம் அருவியில், நீரில் விழுந்த மகளைக் காக்க முயன்று தாமும் உயிரிழந்தார். அவர் தீயவர் அல்லர். நாட்டுக்காக அனைத்தையும் இழந்தவர். அதனாலேயே இந்நிகழ்ச்சி நம்மை வருத்துகிறது. தூக்குக்கு அஞ்சாத ஒருவரும் பந்தியின் வழக்கத்துக்கு அஞ்சியது, அவ்வழக்கத்தின் வலிமையைக் காட்டுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமற்போகவே, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இருபதாம் நூற்றாண்டுத் தமிழக அரசியல் அந்த நாளில் கிளை பிரிந்தது என்பது மிகையன்று.

அந்தியோகியாவில் பேதுரு பந்தியிலிருந்து விலகியபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11–14). அது ஒரு பழக்கவழக்கச் சிக்கலாக அவருக்குத் தோன்றவில்லை; சுவிசேஷத்தின் சத்தியமே அங்கு சோதனைக்குள்ளானதாகக் கண்டார். யார் யாரோடு உண்கின்றனர் என்பதில்தான் ஒரு புதிய சமுதாயம் உண்மையாகவே புதியதா என்பது வெளிப்படுகிறது.

7. திருச்சபைக்கு வரும் வினா

இவ்வரலாற்றிலிருந்து நாம் தேசியவாதிகளுக்குப் பாடம் சொல்லும் தகுதி உடையோமா? இதே காலத்தில் திருச்சபையும் தன் மதிலைக் கட்டிக்கொண்டிருந்தது. திண்டிவனம் உள்ளிட்ட நிலையங்களைக் கொண்ட ஆற்காட்டு மிஷன் சபைகள், 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்திருந்தன. 1919ஆம் ஆண்டு மே முதல் இரு நாட்களில் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடி, சபைப் பிரிவினைகள் நம்மால் உண்டானவை அல்ல, வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்ற கருத்தை அறிக்கையாக வெளியிட்டனர். அதன் கனியாக 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று.

ஆனால் வெளியிலிருந்து வந்த பிரிவினையை நீக்குவது ஒன்று. நாமே பேணிய பிரிவினையை நீக்குவது மற்றொன்று. சாதியின் பெயரால் தனி இருக்கை, தனிக் கிண்ணம், தனிக் கல்லறை ஆகியவை குறித்த வழக்குகள் தஞ்சையிலும் நெல்லையிலும் மதுரையிலும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் நம் சபைகளை அலைக்கழித்தன. அவை ஓய்ந்துவிட்டன எனக் கூறுவார் யார்? 2008ஆம் ஆண்டு மார்ச்சில், அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். மோதிய இரு தரப்பினரும் ஒரே திருப்பலியில் பங்குகொள்வோர். இது கத்தோலிக்கரின் சிக்கல் என்று நாம் ஒதுங்க முடியாது. சாதிக்கொரு கல்லறை நிலம் உள்ள ஊர்கள் நம் சபைகளிலும் உண்டு. பேராயத் தேர்தல்களில் எண்ணப்படுவது எதுவென்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே நாம் கற்பவை மூன்று. ஒன்று: வீழ்ந்த சமுதாயத்தை எழுப்புவது பெரும்பாலும் ஆரவாரமற்ற பணியே. விதவைக்கு உதவுதல், சிறைப்பட்டோரைச் சந்தித்தல், மூவர் கூடும் சிறு குழுவைப் பேணுதல் ஆகியவற்றை ஆதித் திருச்சபை அறிந்திருந்தது; டப்ளின் பெண்கள் அறிந்திருந்தனர்; வ.உ.சி.யின் காலத் தமிழகம் அறியத் தவறியது. இரண்டு: தலைமையை விட்டுக்கொடுப்போர் இன்றி ஒற்றுமை இல்லை, ஆனால் வேறுபாட்டை மூடிவைக்கும் ஒற்றுமை பிற்பாடு இரத்தம் கேட்கும். மூன்று: உள்ளிருந்து எழும் முறையீட்டைச் செவிமடுக்காமல் கட்டும் மதில் பாதுகாப்பாவதில்லை. நெகேமியாவும் ஐந்தாம் அதிகாரத்தில் கேட்ட அளவுக்குப் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கேட்டார் எனக் கூற முடியவில்லை. பலரை விலக்கிய பின்பே அவர் நூல் முடிகிறது. நமக்குக் கொடுக்கப்பட்ட உவமை மதிலோடு முடிவதன்று. நடுச்சுவரைத் தகர்த்தவரின் பந்திக்கே நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம் (எபேசியர் 2:14).

திருவக்கரையின் கல்மரங்கள் இன்னும் பல இலட்சம் ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அவற்றுக்கு அழிவில்லை, துளிரும் இல்லை. நம் முன்னோரின் தியாகத்தையும் நம் சபைகளின் நூற்றாண்டு விழாக்களையும் அவ்வாறு காத்துவைப்பது எளிது. வெட்டுண்ட அடிமரமோ மழையை வேண்டி நிற்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் அப்பம் பிட்கும் போதகர், அந்தப் பந்தியில் இன்று யார் இல்லை என்று ஒருமுறை ஏறெடுத்துப் பார்த்தால், அதுவே தொடக்கமாகும்.